ஆளடிக்காத வண்டி

உக்காருங்க. ஐய, அந்தச் சிமிட்டி மூட்டை மேல வேண்டாமுங்க, வேட்டியெல்லாம் சாம்பலாப் போயிரும். இருங்க, இந்தச் சட்டியக் கவுத்துப் போடறேன். கான்கிரீட்டு சொமக்கற சட்டிதான், கழுவித்தான் வெச்சிருக்குது. ஊட்டுக்குள்ள கூப்பிட்டு ஒரு காப்பி குடுக்கலாம்னா, உள்ள பொம்பள ஆளு இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.

வந்ததும் வராததுமா நல்ல கேள்வி கேட்டீங்க. டயரு எப்பிடின்னு கேக்கல, இஞ்சின் எப்பிடின்னு கேக்கல. 'இது ஆளடிச்ச வண்டிங்களா'ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உங்களப் புடிச்சுப் போச்சு. நானும் அப்படித்தானுங்க. பழைய வண்டி பாக்கப் போனா அதத்தான் முதல்ல கேப்பேன்.

இல்லீங்க. இது ஆளடிச்ச வண்டி இல்லீங்க.

அத்தோட நிறுத்திக்கலாந்தான். ஆனா நீங்க போற வழியில அந்த ரோட்டு மொக்குக் கடையில டீ குடிப்பீங்க. அங்க ஆராச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிப்போடுவாங்க. இந்த ஊருக்காரங்க வாயி அப்படி. அதுக்கு நானே முழுசாச் சொல்லிப்போடறேன், நீங்களே ரோசன பண்ணிக்குங்க.

நான் கான்கிரீட்டு மேஸ்திரிங்க. மோல்டு போடற வேலை. ஆளு, மிக்ஸர் மிஷினு, வைப்ரேட்டரு, பலகை எல்லாம் நம்முளுது. காலையில மிஷினு போய் எறங்கிருச்சுன்னா பொழுதோட கூரை போட்டு முடிச்சரோணும். நடுவுல நிறுத்தக்கூடாதுங்க. நிறுத்தி நாளைக்குப் போட்டா, ஒட்டுன மாதிரிதான் இருக்கும், மழை வந்தா அந்த எடத்துலதான் ஒழுகும். மிஷின இழுத்துட்டுப் போறதுக்கு முன்னெல்லாம் டிராக்டர்காரன நம்பி இருந்தனுங்க. அவன் வந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. ஊட்டுக்காரரு பூசை போட்டுத் தேங்கா ஒடச்சு வெச்சுட்டு நிப்பாரு, நான் ரோட்டப் பாத்துட்டு நிப்பேன். மானம் போகும். அதுக்குத்தான் சொந்தமா ஒரு பழைய பிக்கப் வாங்கிப்போடலாம்னு முடிவு பண்ணுனது. ஆளையும் ஏத்திக்கலாம், மிஷினையும் பின்னால மாட்டி இழுத்துக்கலாம். உங்களுக்கு ஜெனரேட்டர் இழுக்கத்தானுங்க? கோயில் நோம்பிக்கு லைட்டு செட்டு போடற ஆளு நீங்க. அப்ப உங்களுக்கும் இதே சோலிதான்.

வண்டி பாக்க நானும் பூபதியும் போவோம். பூபதிங்கறது என்ற சம்சாரத்தோட தம்பி. எங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்க. அவனப் பத்து வயசுல எங்கூட்டுக்குக் கூட்டியாந்தவ கோகிலாமணி. கோகிலாமணிதான் என்ற சம்சாரம். படிக்க வெச்சா, படிப்பு ஏறல. வண்டி மட்டும் நல்லா வந்துச்சு. எதக் குடுத்தாலும் ஓட்டுவான். என்னைய மச்சாம்பான், ஆனா எனக்கு அவன் புள்ளையாட்டந்தான்.

போன தையில ஒரு ஞாயித்துக்கெழம விடாம சுத்துனோமுங்க. பெருந்துறை, ஊத்துக்குளி, காங்கேயம். அவன் போனதும் வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துக்குவான். ஸ்பேனர வெச்சு சேஸத் தட்டிப் பாப்பான். சைலன்சருல கையை வெச்சு மோந்து பாப்பான். இஞ்சின் சூடா இருந்தா, 'ஆறட்டுமுங்க, அப்பறம் எடுத்துக் காட்டுங்க'ம்பான். நான் அதுல தலையிடறதில்ல. எனக்கு வேற சோலி. அவன் வண்டிக்கு அடியில பாப்பான், நான் வண்டிக்காரன் மூஞ்சியப் பாப்பேன். முன்னாடி பம்பருல புதுசாப் பெயிண்டு அடிச்சிருக்கறானா, சாமி படத்தப் புதுசா மாத்தியிருக்கறானா, எலுமிச்சம்பழம் எத்தன கட்டியிருக்கறான், இதெல்லாம் பாப்பேன். அப்பறம் பக்கத்துல இருக்கற டீக்கடையில போயிச் சும்மா பேச்சுக் குடுப்பேன். பெருந்துறையில ஒருத்தன் சத்தியமே பண்ணுனானுங்க, வண்டி ஒரு கோழியக் கூட அடிச்சதில்லைன்னு. டீக்கடையில கேட்டா, பைபாஸ்ல ஒரு பொம்பளையத் தூக்கி வீசிப்போட்டுதாம். ரத்தம் பாத்த வண்டி மறுபடியும் கேக்குமுங்க. உங்களுக்குத் தெரியாததா.

காங்கேயத்துல வெள்ளை வண்டி ஒண்ணு வந்துச்சு. கெணறு வெட்டறவிய கம்ப்ரசர் இழுக்க வெச்சிருந்தாங்க. பூபதி அதுக்கடியில படுத்தவன் எந்திரிக்கவே இல்ல. எந்திரிச்சு வந்து என்ற காதுல, "மச்சா, இதையே வாங்கிப்போடலாம். கொக்கி பாருங்க, சேஸோட போல்ட் போட்டிருக்கறாங்க. பின்னு இருக்குது, பின்னு உருவாம இருக்க லாக்கு இருக்குது, அது போதாதுன்னு ரெண்டு பக்கமும் சங்கிலி. மிஷினே கழண்டாலும் சங்கிலி புடிச்சுக்கும்"ங்கறான். கண்ணெல்லாம் மினுங்குது அவனுக்கு.

நான் அந்தக் காங்கேயத்துக்காரரக் கேட்டனுங்க, நீங்க என்னையக் கேட்ட அதே கேள்விய. அவரு நெசத்தச் சொல்லிப்போட்டாரு. "மறைக்க மாட்டேனுங்க. போன வருசம் சைக்கிள்ல வந்த ஒரு பெரியவரு பின்சக்கரத்துல உழுந்துட்டாரு. வண்டி மேல தப்பில்ல. ஆனா உழுந்தாரு, போயிட்டாரு. உங்ககிட்டச் சொல்லாம வித்தா எனக்குத் தூக்கம் வராதுங்க"ன்னாரு. அவரு சொன்ன வெதம் எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. ஆனா வண்டி வேண்டாமுன்னுட்டேன். பூபதி அந்த வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தான். ஊட்டுக்கு வந்து அவங்கக்காகிட்ட, "மச்சா வண்டி வாங்கப் போகுலக்கா, பொண்ணு பாக்கப் போறாரு"ன்னான். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

அப்பறம் கெடச்சுதுதானுங்க இந்த நீலம். பால் எடுக்கற வண்டி. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பால் கேனு ஏத்திட்டுப் போகும், அவ்வளவுதான். சுத்துப்பட்டுல அத்தன டீக்கடையிலயும் கேட்டுட்டேன், ஒரு நாய் மேலகூட ஏறுனதில்ல. கொழந்தைக குடிக்கற பால சொமந்த வண்டி. இதுக்கு மேல என்னங்க வேணும்? பூபதி அடியில படுத்துப் பாத்துட்டு, "இஞ்சின் பரவால்ல மச்சா. ஆனா இது இழுக்கற வண்டி இல்ல. கொக்கியே இல்ல"ன்னான். "கொக்கி என்ன, வெல்டிங் பட்டறையில சொன்னா வெச்சுக் குடுத்துட்டுப் போறான்"ன்னேன்.

அவன் மொகம் தெளியல. சரி, எதுக்கு வம்பு, அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்னு கோகிலாமணியக் கூட்டீட்டுப் போனேன். உங்க பக்கமும் உண்டல்லோ? வெள்ளப் பூவு ஒரு பொட்டணம், செவப்புப் பூவு ஒரு பொட்டணம், ரெண்டையும் மடிச்சு அம்மன் காலடியில போட்டு வெச்சோம். நான் கையக் கூப்பி, "தாயே, இது ரத்தம் பாக்காத வண்டின்னா வெள்ளையக் குடு"ன்னு கேட்டேன். பூசாரி கோகிலாமணிய எடுக்கச் சொன்னாரு. அவ மாட்டேன், நீங்களே எடுங்கன்னா. நான்தான், சுமங்கலி கையி, நீயே எடுன்னு சொன்னேன். எடுத்தா. பிரிச்சா வெள்ள அரளி. அதுக்கப்பறம் பூபதியும் வேண்டாமுங்கல. நாள் பாத்து வண்டிய ஊட்டுக்கு ஓட்டியாந்துட்டோம்.

வெல்டிங்கு நல்ல வெல்டிங்குதானுங்க. பாருங்க, இன்னும் அப்படியே நிக்குது. நல்லா ஆட்டிப் பாருங்க. கொக்கி போகல, சேஸு போகல. அதுக்குப் போட்ட பின்னுதான், வாங்குன கொஞ்ச நாள்ல எவனோ ஒருத்தன் உருவி மணல்ல வெச்சவன் அப்படியே தொலச்சுப்போட்டான். மணலச் சலிச்சே பாத்துட்டோம். கெடைக்கல. வேல கெடக்குதே! நான் என்ன பண்ணுனேன், பன்னெண்டு எம்எம் கம்பில ஒரு துண்டு வெட்டி, வளைச்சு, பின்னுக்குப் பதுலா உள்ள வுட்டு, கீழ ஒரு மடக்கு மடக்கிப்போட்டேன். அம்சமா உக்காந்துச்சு.

பூபதிக்கு அது ஆகல. "மச்சா, ஒரு பின்னு வாங்கிப்போடுங்க"ன்னான். "மச்சா, சங்கிலியாச்சும் மாட்டலாமுங்க"ன்னான். சோறு திங்கறப்ப அவங்கக்காகிட்ட, "நீயாச்சும் சொல்லுக்கா"ன்னான். அவளும் வந்து, "ஏனுங்க, அவன்தான் சொல்றானல்லோ, ஒரு பின்னு வாங்கிப்போடறதுக்கு என்ன"ன்னா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கம்பிலயே பொழக்கறவன் நானு. காலம்பற எந்திரிச்சா கம்பி, பொழுதெறங்குனாக் கம்பி. நாலு மாடி ஊட்டையே தாங்கற கம்பி, இத்தினிக்காண்டு மிஷினத் தாங்காதா? நீங்களே சொல்லுங்க. நான் போட்ட மோல்டு ஒண்ணாச்சும் எங்கியாச்சும் உழுந்திருக்குதா? கோகிலாமணிகிட்ட அப்படித்தான் சொன்னேன். "கம்பியப் பத்தி உனக்கென்ன தெரியும், போய்ச் சோத்தப் போடு"ன்னேன்.

ஆவணியில காட்டூர் மேட்டுல ஒரு ஊடு. நல்ல ஏத்தம் அது. நீங்க அந்தப் பக்கமாத்தான வந்தீங்க? பாத்திருப்பீங்க. அன்னைக்குக் காலையில மோல்டு. ஊட்டுக்காரரு போனு மேல போனு போடறாரு, நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு. பூபதி ஓட்டறான், நான் பக்கத்துல. பின்னால ஆளுக, பலகை, வைப்ரேட்டரு, அதுக்குப் பின்னால மிஷினு. நம்ம சட்டி சொமக்கற பொம்பளைக ரெண்டு பேரு மொபெட்டுல மிஷினுக்குப் பின்னாலயே வர்றாங்க.

பாதி ஏத்தத்துல பூபதி கண்ணாடியப் பாத்துட்டே, "மச்சா, மிஷினு ஒரு மாதிரி ஆடுது"ன்னான். "மேல ஏறிப் பாத்துக்கலாம் போ, நேரமாகுது"ன்னேன். அவன் கேக்கல. நிறுத்திப்போட்டான். "பிரேக்க மிதிச்சுக்குங்க, வுட்டராதீங்க"ன்னு என்னைய அவன் எடத்துல உக்கார வெச்சுட்டு எறங்கிப் போனான். நான் மிதிச்சுட்டேதானுங்க இருந்தேன். சத்தியமா வுடல. வண்டி ஒரு இஞ்சு நகருல. வேணும்னா அன்னைக்கு வண்டில இருந்த ஆளுகளக் கேளுங்க.

கண்ணாடியில பாக்கறேன். அவன் ஒரு கல்லத் தூக்கியாந்து மிஷினோட ஒரு சக்கரத்துக்குப் பின்னால வெச்சான். அந்தப் பொம்பளைகளப் பாத்துத் தள்ளிப் போங்க, தள்ளிப் போங்கன்னு கையக் காட்டறான். இன்னொரு கல்ல எடுத்துட்டு வந்து மத்தச் சக்கரத்துக்கு வெக்கறதுக்குக் குனிஞ்சான். அப்பத்தான் கம்பி நிமுந்து உருவுன சத்தம். சத்தம்னா பெருசா இல்லீங்க. டிங்குன்னு ஒரு சத்தம், மிஷினு அவன் மேல. அவ்வளவுதான்.

அவன் அந்த ரெண்டாவது கல்ல வெக்கப் போகாம தள்ளி நின்னிருந்தா மிஷினு அந்தப் பொம்பளைக மேலதான் போயிருக்கும்னு சனம் சொல்லுது. அந்தப் பொம்பளைகளும் அதையே சொல்லிச் சொல்லி அழுகுது. எனக்கென்னமோ, அவன் நான் சொன்னாப்பல நிறுத்தாம மேல ஏறியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காதுன்னு தோணுது. எம் பேச்சக் கேக்குல. அவன் ஒருநாளும் எம் பேச்சத் தட்டுனதில்லீங்க. அன்னைக்கு மட்டும் தட்டிப்போட்டான்.

ஆசுபத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டான். என்ற மடியிலதான் தலை. "மச்சா, பிரேக்கு"ன்னான். இந்த வண்டியத்தான் நெனச்சுட்டு இருந்திருக்கறான் கடேசி வரைக்கும்.

நல்லாக் கேட்டுக்குங்க. வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சு. வண்டி மேல ஒரு சொட்டு ரத்தம் படல. அடிச்சது மிஷினு. மிஷினு வேற, வண்டி வேற. ஸ்டேசன்ல கொஞ்ச நாளு நிறுத்தி வெச்சிருந்தாங்க, அதையும் மறைக்கல. ஆனா நீங்க கேட்ட கேள்விக்குப் பதுலு, இல்லீங்கறதுதான். அம்மன் வெள்ளப் பூவு குடுத்ததும் பொய்யில்ல. பாருங்க, நான் அவளையும் குத்தம் சொல்லல.

ஆரையும் குத்தம் சொல்லலீங்க நானு. அதுதான் என்ற சம்சாரத்துக்குப் புரியல.

மூணாம் நாளு காரியமெல்லாம் முடிஞ்சு ஒறம்பரைச் சனமெல்லாம் போயிருச்சு. அவ செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டு இருக்கறா. அழுகறதையும் நிறுத்திப்போட்டா. மொதமொதலா வாயத் தொறந்து, "ஏனுங்க, அந்தப் பின்னு"ன்னா. அவ்வளவுதான், அதுக்கு மேல சொல்லல.  நான் சும்மா, ஒரு பேச்சுக்குத்தானுங்க, "பூவெடுத்தது உன்ற கைதானே"ன்னு சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. நடந்ததத்தான சொன்னேன்? அவ கைதான எடுத்துச்சு? அவள வையல, கை நீட்டல, சத்தமாக்கூடச் சொல்லல.

அவ என்ற மூஞ்சியப் பாத்தா. அப்பறம் தன்ற கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. எந்திரிச்சு ரெண்டு சீலையப் பையில வெச்சுட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அங்க அந்தம்மா ஒத்தையில, ஒரே பையனப் பறிகுடுத்துட்டு. சரி, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கட்டும்னு நானும் வுட்டேன். பதினாறு முடிஞ்சா வருவான்னு நெனச்சேன். வரல.

ஒருக்கா நேருல போனேன். தண்ணி கொண்டாந்து கீழ வெச்சா, கையில குடுக்கல. எதுத்தாப்பல உக்காந்து, "அந்தப் பின்னப் பத்தி ஏதாச்சும் சொல்லோணும்னா சொல்லுங்க, கேக்கறேன்"ன்னா. அவ கேக்கறேன்னு சொன்னதும் எனக்கு ஒரு தெம்பு வந்துருச்சு. பொறுமையா வெளக்கிச் சொன்னேன். பன்னெண்டு எம்எம் கம்பி எத்தன பாரம் தாங்கும், நம்ம எத்தன மோல்டுக்கு அதையே போட்டிருக்கறோம், அந்த லோடுல வந்த கம்பிதான் சரியில்ல, மத்தபடி கம்பில குத்தம் சொல்ல முடியாதுன்னு ஒண்ணு விடாம சொன்னேன். பாதியில எந்திரிச்சு உள்ள போயிக் கதவச் சாத்திட்டா. நான் அந்தத் தண்ணியக்கூடக் குடிக்கல.

இன்னும் என்னதாங்க சொல்லோணும் நானு? எனக்கு மட்டும் நெஞ்சு இல்லையா? பொழுதெறங்குனா இந்த ஊட்டுக்குள்ள போறதுக்குப் பயமா இருக்குது. சோறு வடிக்கத் தெரியாம வடிச்சுத் திங்கறேன். பூபதி செருப்பு இன்னும் வாசல்லதான் கெடக்குது, எடுத்துப் போடவும் மனசு வரல. அவளுக்கு அவன் தம்பின்னா எனக்கு அவன் யாரு? அதையும் யாரும் கேக்கறதில்ல.

அவளுக்கு அந்த மிஷின் மூஞ்சில முழிக்க முடியாம இருக்குமோன்னு அதப் பழைய இரும்புக்குப் போட்டேன். சொல்லியும் அனுப்பிச்சேன், மிஷினு போயிருச்சு, வான்னு. வரல. அப்பத்தான் தோணுச்சு, வண்டி வாசல்லயே நின்னா எப்பிடி வருவா? இதையும் குடுத்துப்போட்டா வந்துருவா. வாசலு காலியாயிருச்சுன்னு சொல்லியனுப்புனா வந்துருவா. அதுக்குத்தானுங்க விக்கறது. வண்டில ஒரு கோளாறும் இல்ல. அந்தக் காங்கேயத்து வெள்ளை வண்டிய இப்ப நம்மளாட்டமே ஒரு மேஸ்திரி வாங்கி மிஷினு இழுத்துட்டு இருக்கறான். தெனமும் இந்தப் பக்கமாத்தான் போகுது. ஒண்ணும் ஆகல அதுக்கு. ஆளடிச்ச வண்டி! அது ஜம்முனு ஓடுது. எனக்குத்தான் வெளங்கல.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? வண்டிய எடுத்து ஓட்டிப் பாக்கலையா? சாவி இந்தாங்க.

ஓ, கொக்கியப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. பின்னுக்கு நீங்க கவலப்பட வேண்டாமுங்க, தனியா வாங்கற சோலியே இல்ல. சீட்டுக்கு அடியில ரெண்டு போட்டு வெச்சிருக்கறேன், வண்டியோட அதையும் சும்மாவே எடுத்துக்குங்க. இப்பெல்லாம் பன்னெண்டுல வளைக்கறதில்லீங்க. பதினாறு எம்எம். கையில வாங்கிப் பாருங்க, எப்பிடி இருக்குதுன்னு. உங்க ஜெனரேட்டரு என்ன, ஆனையவே கட்டலாம்.

என்னங்க, வாங்குன கம்பியக் கீழ வெச்சுட்டீங்க? எம் மேல நம்பிக்கை இல்லீங்களா? சரி, எனக்காக வேண்டாம். போற வழியில அம்மங் கோயில் இருக்குது. பூவப் போட்டுக் கேட்டுப்போட்டே வாங்க. நீங்க எடுக்காதீங்க. உங்கூட்டம்மாவக் கூட்டியாந்து எடுக்கச் சொல்லுங்க.